ஹேவ்லாக் போறீங்களா, முதல் நாள மட்டும் இப்படி வச்சுக்கோங்க

அந்தமான் போறேன்னு சொல்ற சொந்தக்காரங்க, ஆபீஸ் ஆளுங்கன்னு நிறைய பேர் எங்கிட்ட பிளான காட்டி சரியா இருக்கான்னு கேக்குறாங்க, வாங்கி பார்த்தா எல்லாருக்கும் ஒரே மாதிரி தான் இருக்கு, மொத்த டிரிப்பையும் முதல் நாள்லயே அடைச்சு வச்சிருப்பாங்க. விடிகாலைல சென்னைல ஃபிளைட், இறங்குன கையோட செல்லுலார் ஜெயில், அங்கேருந்து ஓடி ஃபெர்ரி, ஹேவ்லாக் தீவுல இறங்கி ராதாநகர் பீச்ல சூரிய அஸ்தமனம், ராத்திரி மீன் சாப்பாடு. பேப்பர்ல பார்க்க அழகா தான் இருக்கும். நாங்களும் முதல் தடவை போனப்ப அப்படியே தான் போனோம், ஃபெர்ரில என் மச்சினிச்சி பையன் ரெண்டு தடவை வாந்தி எடுத்து, லக்கேஜ் வர லேட்டாகி, ஆட்டோ பிடிச்சு ராதாநகர் போய் சேர்ந்தப்ப மணி அஞ்சரை, டிசம்பர் மாசம், கடல் எங்க இருக்குன்னு சத்தத்த வச்சு தான் தெரிஞ்சுது. எட்டு பேரும் இருட்டுல நின்னுட்டு திரும்பி வந்தோம், யாரும் யார்கிட்டயும் பேசல.

ரெண்டாவது தடவை போனப்ப அத்தையும் வந்தாங்க, அறுபத்தி மூணு வயசு, முட்டி வலி. அவங்களுக்காகவே முதல் நாள் பிளான மொத்தமா மாத்தினோம், எங்களுக்கு தெரிஞ்ச வரைக்கும் நாங்க போன எல்லா டிரிப்லயும் அந்த ஒரு நாள் தான் உருப்படியா அமைஞ்ச நாள். அதனால நான் சொல்றதெல்லாம் ஒரே ஒரு விஷயத்துல வந்து நிக்கும், கூட வர்றவங்கள்ல யார் ரொம்ப மெதுவோ, முதல் நாள அவங்க வேகத்துல வைங்க. மத்தவங்களுக்கு மிச்ச நாள் எல்லாம் இருக்கு.

எந்த ஃபிளைட், எந்த ஃபெர்ரி

ஊர் பேர்லேருந்து ஆரம்பிச்சிடுறேன், ஏன்னா டிக்கெட் போடும்போது நிறைய பேர் குழம்புறாங்க. ஹேவ்லாக்குக்கு 2018 டிசம்பர்ல ஸ்வராஜ் த்வீப்னு பேர் மாத்திட்டாங்க, போர்ட் பிளேர் 2024ல ஸ்ரீ விஜய புரம் ஆயிடுச்சு. ஃபெர்ரி சைட்டுல ஒரு இடத்துல பழைய பேரும் இன்னொரு இடத்துல புது பேரும் இருக்கும், ரெண்டும் ஒண்ணு தான். ஆட்டோக்காரங்க, கடைக்காரங்க எல்லாம் இன்னும் ஹேவ்லாக், போர்ட் பிளேர்னு தான் சொல்றாங்க, நானும் அப்படியே சொல்றேன்.

சென்னைலேருந்து போர்ட் பிளேருக்கு ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும். அங்கேருந்து ஹேவ்லாக்குக்கு தனியார் ஃபெர்ரி ஒன்றரை மணி நேரம், கவர்மெண்ட் கப்பல் ரெண்டரை மணி நேரம் வரைக்கும் போகும். கவர்மெண்ட் கப்பல் டிக்கெட் ரொம்ப மலிவு, மேல் தளத்துல நின்னு காத்து வாங்கிட்டே போகலாம், ஆனா சீசன்ல டிக்கெட் கிடைக்கிறது கஷ்டம். பெரும்பாலான தனியார் ஃபெர்ரில ஏசி கேபினுக்குள்ள சீட்லயே உட்கார்ந்து தான் போகணும், பஸ்ல போற மாதிரி.

உங்க ஃபிளைட் காலைல ஒன்பது மணிக்குள்ள இறங்குதுன்னா அன்னிக்கே ஹேவ்லாக் போங்க, ஆனா இறங்குற நேரத்துக்கும் ஃபெர்ரி கிளம்புற நேரத்துக்கும் நடுவுல மூணு மணி நேரமாவது இருக்கணும். ஃபிளைட் லேட்டாகும், லக்கேஜ் வரணும், ஃபெர்ரி ஏறுற ஜெட்டில ஐடி பார்த்து பையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்துறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வரச் சொல்வாங்க. ஏர்போர்ட்லேருந்து ஜெட்டி பக்கம் தான், ஊருக்குள்ளயே. இன்னொண்ணு, ஜெட்டி ரெண்டு இருக்கு, ஃபீனிக்ஸ் பே ஒண்ணு, ஹாடோ ஒண்ணு, உங்க டிக்கெட்ல எது போட்டிருக்குன்னு பார்த்து ஆட்டோக்காரர்கிட்ட அதை சொல்லுங்க, வெறுமனே ஜெட்டின்னு சொன்னா மாத்தி இறக்கி விட்டுடுவாங்க. ஃபிளைட்டே மதியத்துக்கு மேல தான் இறங்குதுன்னா அன்னிக்கு ராத்திரி போர்ட் பிளேர்லயே தங்கிட்டு மறுநாள் காலைல முதல் ஃபெர்ரி பிடிங்க, உங்க தீவு டிரிப்போட முதல் நாள் அன்னிக்கு தான் ஆரம்பிக்குதுன்னு மனசுல வச்சுக்கோங்க.

செல்லுலார் ஜெயில கடைசி நாளுக்கு தள்ளிடுங்க. இதுக்கு ரெண்டு காரணம் இருக்கு. ஹேவ்லாக்ல யாராவது ஸ்கூபா பண்ணாங்கன்னா அதுக்கப்புறம் 18லேருந்து 24 மணி நேரம் ஃபிளைட் ஏறக்கூடாது, அந்த நேரத்த போர்ட் பிளேர்ல கழிக்கலாம். கடல் மோசமா இருந்து ஃபெர்ரி கேன்சல் ஆனாலும் ஒரு நாள் கைல இருக்கும். அதையெல்லாம் விட அந்த இடத்துல நிதானமா நின்னு பார்க்கணும், மடில பைய வச்சுக்கிட்டு ஃபெர்ரி டைம பார்த்துட்டே சுத்துற இடமில்ல அது.

கடல் மயக்கம்

ஒரு ஆளுக்கு வாந்தி வந்தா மொத்த கூட்டத்துக்கும் அந்த நாள் போயிடும், அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன். மாத்திரை போடுறதா இருந்தா ஃபெர்ரி கிளம்புறதுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும், தலை சுத்த ஆரம்பிச்சப்புறம் போட்டா வேலை செய்யாது. எந்த மாத்திரை, குழந்தைக்கு எவ்வளவுன்னு ஊர்லயே டாக்டர்கிட்ட கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, அதுல சிலது நல்லா தூக்கம் வர வைக்கும். வெறும் வயித்துல ஏறாதீங்க, வயிறு முட்டவும் சாப்பிடாதீங்க. சீட் எடுக்கும்போது நடுவுல, கொஞ்சம் பின்னாடி தள்ளி எடுங்க, முன்னாடி மூக்கு பக்கம் தான் தூக்கி தூக்கி போடும். பசங்க கைல ஃபோன குடுக்காதீங்க, குனிஞ்சு ஸ்கிரீன பார்த்தா மயக்கம் சீக்கிரமா வரும், ஜன்னல் வழியா தூரத்துல தண்ணியும் வானமும் சேர்ற கோட்ட பார்க்க சொல்லுங்க. எங்க அத்தை ஒரு டப்பால இஞ்சி மொரப்பா கொண்டு வந்தாங்க, ஆளுக்கு ஒண்ணு வாயில அடக்கிக்கிட்டோம், அன்னிக்கு எட்டு பேர்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அது மொரப்பாவால தானா, கடல் அமைதியா இருந்ததால தானான்னு கேட்டா ரெண்டும் தான்னு சொல்வேன்.

சாப்பாட்டுக்கு வீட்லேருந்தே புளியோதரை கட்டிக்கோங்க. விடிகாலை ஃபிளைட்டுன்னா ராத்திரியே கிளறி வச்சிடலாம், மதியம் வரைக்கும் கெடாது, ஃபெர்ரிக்கு காத்திருக்கிற நேரத்துல ஜெட்டி பக்கத்துல எங்கயாவது நிழல்ல உட்கார்ந்து பிரிச்சா எல்லாருக்கும் தெம்பு வந்துரும். பக்கத்துல ஒரு குடும்பம் நம்மள பார்த்துட்டு தமிழ்ல பேச ஆரம்பிப்பாங்க, போர்ட் பிளேர்ல பல தலைமுறையா இருக்கிற தமிழ் ஆளுங்க நிறைய பேர். ஹேவ்லாக் பக்கம் போனா பெங்காலியும் ஹிந்தியும் தான், கிழக்கு பாகிஸ்தான்லேருந்து அகதியா வந்தவங்கள 1950கள்ல குடியேத்துன ஊர் அது, அதனால தான் கிராமத்துக்கெல்லாம் கோவிந்த நகர், ராதா நகர், கிருஷ்ணா நகர், ஷ்யாம் நகர்னு பேர்.

இறங்கினதும் ஒண்ணும் பண்ணாதீங்க

ஹேவ்லாக் ஜெட்டில கால வச்சதும் தண்ணி கலர பார்த்து எல்லாருக்கும் கை கால் பரபரக்கும். பச்சையும் நீலமும் கலந்து, கீழ மணல் தெரியுற மாதிரி தண்ணி. அங்கயே நின்னு போட்டோ எடுக்க ஆரம்பிச்சா அரை மணி நேரம் போயிடும், வெயில் உச்சில இருக்கும், வயசானவங்க லக்கேஜ் பக்கத்துல நின்னுட்டு இருப்பாங்க. நேரா ரூமுக்கு போங்க. போட்டோ எடுக்க திரும்பி போகும்போது இதே ஜெட்டி தான்.

காசு கொஞ்சம் கையில இருக்கணும், ஊர்லேருந்தோ போர்ட் பிளேர்லேருந்தோ எடுத்துட்டு போயிடுங்க, ஹேவ்லாக்ல ஏடிஎம் ரொம்ப கம்மி. சென்னைலேருந்து கடலுக்கடில கிட்டத்தட்ட 2300 கிலோமீட்டருக்கு கேபிள் போட்டு 2020 ஆகஸ்ட்ல திறந்து வச்சாங்க, அதுக்கப்புறம் நெட் எவ்வளவோ தேவலாம், ஆனாலும் திடீர்னு சிக்னல் போகும், ஜிபே சுத்திட்டே இருக்கும். ரூம் புக்கிங், திரும்பி வர்ற ஃபெர்ரி டிக்கெட் எல்லாத்தையும் ஃபோன்ல டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, ஒருத்தர் ஃபோன்ல மட்டும் இல்லாம ரெண்டு பேர் ஃபோன்ல.

ரூம்ல குளிச்சிட்டு எளிமையா சாப்பிடுங்க, சோறு, பருப்பு, ஒரு மீன் துண்டு, போதும். அப்புறம் எல்லாரும் படுங்க. சும்மா சொல்லல, நிஜமாவே படுத்து தூங்குங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஏர்போர்ட்டுக்கு கிளம்புன உடம்பு அது, அந்த மதியம் ஒரு மணி நேரம் தூங்கலன்னா சாயங்காலம் பசங்க அழுவாங்க, பெரியவங்க சிடுசிடுப்பாங்க, சண்டை எதுக்குன்னே தெரியாம சண்டை வரும். எங்க மச்சான் தூங்க மாட்டேன், ரூமுக்கு முன்னாடி இருக்கிற கடல்லயே இறங்குறேன்னு நின்னாரு. இங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும், நிறைய ரிசார்ட் இருக்கிறது தீவோட கிழக்கு கரைல, விஜய நகர், கோவிந்த நகர் பக்கம், அங்க தண்ணி வடியுற நேரத்துல கடல் ரொம்ப தூரம் உள்ள போயிடும், வெளிய பாறையும் பவளமும் கூர் கூரா நிக்கும். வெறுங்கால்ல நடந்தா கிழிச்சுடும். அவர் போய் பத்தே நிமிஷத்துல பெருவிரல்ல ரத்தத்தோட திரும்பி வந்தாரு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தண்ணி ஏறும், ரெண்டு தடவை இறங்கும், மறுநாள் அதே நேரத்துக்கு வராது, ஒரு அம்பது நிமிஷம் தள்ளி வரும். ரிசார்ட் ரிசப்ஷன்ல கேட்டா இன்னிக்கு ஹை டைட் எப்போன்னு சொல்வாங்க, கேட்டுட்டு இறங்குங்க.

மூணு மணிக்கு கிளம்பணும், நாலரைக்கு இல்ல

எல்லாரும் தப்பு பண்ற இடம் இது தான். நம்ம நாடு முழுக்க ஒரே கடிகாரம், அந்த கடிகாரத்துக்கு கணக்கு வச்சிருக்கிற தீர்க்கரேகை 82.5 டிகிரி, அந்தமான் இருக்கிறது 92, 93 டிகிரி கிட்ட. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம்னு போட்டா அங்க சூரியன் நம்ம கடிகாரத்த விட நாப்பது நிமிஷம் முந்தி ஓடுது, சென்னையோட ஒப்பிட்டா அம்பது நிமிஷம். டிசம்பர்ல அஞ்சு மணிக்கெல்லாம் சூரியன் கடலுக்குள்ள போயிடும். மெரினால அஞ்சு மணிக்கு போய் சுண்டல் வாங்கி உட்கார்ற பழக்கத்துல இங்க வந்தீங்கன்னா இருட்டு தான் கிடைக்கும். வெயில் காலத்துல அரை மணி நேரம் கூட கிடைக்கும், அவ்வளவு தான்.

ராதாநகர் மேற்கு கரைல இருக்கு, ஜெட்டிலேருந்து பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கும். முதல் நாள் ஸ்கூட்டி எடுக்காதீங்கன்னு தான் நான் சொல்வேன், போகும்போது ரோடு அருமையா இருக்கும், பாக்கு மரம், வாழை, வயல் எல்லாம் தாண்டி கடைசில காட்டுக்குள்ள போகும், ஆனா திரும்பி வரும்போது அதே காடு கும்மிருட்டு, வளைவு வேற. ஆட்டோ இல்லன்னா ஜீப் பேசிக்கோங்க, போக வர சேர்த்து, அங்க காத்திருக்கிறதுக்கும் சேர்த்து ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, இருட்டினதுக்கு அப்புறம் அங்க வண்டி தேடினா கிடைக்கிறது கஷ்டம்.

பீச்சுக்கு உள்ள போறதுக்கு முன்னாடி வரிசையா இளநீர் கடை, டீக்கடை. மூணரைக்கு போய் சேர்ந்தா ஒரு இளநீர் குடிச்சிட்டு நிதானமா உள்ள போகலாம். பெரிய பெரிய மரம், அடிமரத்த நாலு பேர் கைகோர்த்தா தான் பிடிக்க முடியும், அந்த நிழல தாண்டினதும் ரெண்டு கிலோமீட்டருக்கு வெள்ளை மணல். 2004ல டைம் பத்திரிகை ஆசியாவுலயே சிறந்த பீச்சுன்னு எழுதினதுலேருந்து இங்க கூட்டம், 2020ல சுத்தமும் வசதியும் பார்த்து குடுக்கிற ப்ளூ ஃபிளாக் சர்டிஃபிகேட்டும் கிடைச்சுது, அதே சர்டிஃபிகேட் அடுத்த வருஷம் நம்ம கோவளத்துக்கும் புதுச்சேரி ஈடன் பீச்சுக்கும் வந்துச்சு. அதனால டிரெஸ் மாத்துற ரூம், பாத்ரூம் வசதி எல்லாம் இருக்கு, பொம்பளைங்க கூட வந்தா இது பெரிய நிம்மதி. கூட்டம் எல்லாம் வாசல் கிட்ட தான் நிக்கும், ஒரு அஞ்சு நிமிஷம் நடந்தா உங்களுக்குன்னு ஒரு இடம் கிடைக்கும், ஆனா லைஃப்கார்டு கண்ணுக்கு தெரியுற தூரத்துலயே இருங்க.

பை, செருப்புக்கெல்லாம் யார் காவல்

இத பத்தி யாருமே எழுத மாட்டேங்குறாங்க, எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்துற விஷயம். நம்ம குடும்பங்க பீச்சுக்கு போனா பை, செருப்பு, ஃபோன், துண்டு எல்லாத்தையும் ஒரு இடத்துல குவிச்சிட்டு அத பார்த்துக்க அம்மாவையோ அத்தையையோ உட்கார வச்சிடுவோம். எனக்கென்னப்பா, நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்க இருக்கேன்னு அவங்களும் சொல்வாங்க. நாமளும் அத நிஜம்னு எடுத்துக்கிட்டு ஓடிடுவோம். ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டர் கடல் தாண்டி வந்து ஒரு மனுஷி பைய பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறது எந்த விதத்துல சரி.

ரூம்லயே முடிவு பண்ணுங்க, அரை மணிக்கு ஒருத்தர் காவல், முதல் அரை மணி வீட்டு ஆம்பளைங்கள்ல ஒருத்தர். ஃபோன் ஒண்ணோ ரெண்டோ போதும், மிச்சத்த ரூம்லயே வச்சிட்டு வந்துடுங்க, காவல் காக்க வேண்டிய சாமானே கம்மியாயிடும். நகை போட்டுட்டு வராதீங்க, மணல்ல விழுந்தா திரும்பி பார்க்க முடியாது.

எங்க அத்தைக்கு மாயவரம் பக்கம். கடல்னா அவங்களுக்கு பூம்புகார் தான், சித்ரா பௌர்ணமிக்கு கூட்டத்தோட போய் தள்ளி நின்னு பார்த்தது, கணுக்காலுக்கு மேல தண்ணி பட்டதே இல்லைன்னு சொன்னாங்க. அன்னிக்கு நான் முதல் காவல் உட்கார்ந்துட்டேன், என் பொண்டாட்டி அவங்கள கூட்டிட்டு போனா. தண்ணி ஓரத்துல போய் புடவைய கொஞ்சம் தூக்கி சொருகிட்டு நின்னாங்க. ஒரு அலை வந்துச்சு, பாதத்த மூடிட்டு திரும்பி போச்சு, போகும்போது குதிகாலுக்கு அடில இருக்கிற மணல அரிச்சுட்டு போகும் தெரியுமில்ல, அந்த குறுகுறுப்புல பதறி, ஏ காலுக்கடில பூமி ஓடுதுடின்னு கத்துனாங்க, அவ கையப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா பின்னாடி வரல. அடுத்த அலைக்கு இன்னும் ஒரு அடி உள்ள. ராதாநகர்ல தரை மெதுவா தான் ஆழமாகும், கால்ல மணல் மட்டும் தான், கல்லு இல்ல, அதனால தைரியமா போகலாம். முட்டி வரைக்கும் போனாங்க. முட்டி வலின்னு ஊர்லேருந்து சொல்லிட்டே வந்தவங்க முக்கால் மணி நேரம் வெளிய வரவே இல்ல.

தண்ணில எச்சரிக்கையா இருக்க வேண்டியதையும் சொல்லிடுறேன். இடுப்பளவு தண்ணிக்கு மேல போகாதீங்க, நீச்சல் தெரிஞ்சாலும் முதல் நாள் வேண்டாம், அந்த கடல் உங்களுக்கு புதுசு. அலை வரும்போது நெஞ்ச காட்டி நிக்காம பக்கவாட்டுல திரும்பி நின்னா தள்ளாது. ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சு நுரை வரும்போது நடுவுல ஒரு இடம் மட்டும் அலையே இல்லாம அமைதியா இருந்தா அது நல்ல இடம்னு நினைச்சு போயிடாதீங்க, தண்ணி திரும்பி கடலுக்குள்ள இழுத்துட்டு போற வழியா அது இருக்கலாம். மாட்டிக்கிட்டா கரைய நோக்கி எதிர் நீச்சல் போடாம கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்த இழுப்புலேருந்து வெளிய வரணும், கைய தூக்கி லைஃப்கார்ட கூப்பிடணும். குடிச்சிட்டு யாரும் இறங்கக் கூடாது, இதுல பேச்சே இல்ல. பீச்சோட ஒரு ஓரத்துல நீல்ஸ் கோவ்னு குளம் மாதிரி அமைதியான தண்ணி இருக்கு, பார்க்க ரொம்ப அழகு, ஆனா 2010ல அங்க முதலை தாக்கி ஒரு டூரிஸ்ட் இறந்திருக்காங்க. முதலை எச்சரிக்கை போர்டு எங்க இருந்தாலும் அந்த தண்ணில கால் கூட நனைக்காதீங்க.

மணல்ல உட்கார்ற நேரம்

நாலரைக்கு மேல எல்லாரையும் வெளிய கூப்பிட்டு துவட்டிட்டு உட்கார வைங்க. இந்த அரை மணி நேரத்துக்கு தான் இவ்வளவும். பசங்களுக்கு போரடிக்கும்னு நினைக்க வேண்டாம், மணல உத்து பார்க்க சொல்லுங்க. தண்ணி வடிஞ்ச ஈர மணல்ல கடுகு, மிளகு சைஸ்ல ஆயிரக்கணக்கான மணல் உருண்டை கோலம் போட்ட மாதிரி கிடக்கும், நடுவுல ஒரு பொடி ஓட்டை. ஆடாம அசையாம ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தா அந்த ஓட்டைலேருந்து நகத்தளவு நண்டு ஒண்ணு வரும், மணல அள்ளி வாயில போட்டு அதுல இருக்கிற சாப்பாட்ட மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்த உருட்டி தள்ளும், அந்த உருண்டைங்க தான் அது. என் பொண்ணு எண்ணிட்டே இருந்தா, அலை வந்து எல்லாத்தையும் அழிச்சதும் ஓன்னு அழுதா.

சங்கு, சிப்பி, உடைஞ்ச பவளம் எதையும் எடுத்து பைல போடாதீங்க. சட்டப்படியும் தப்பு, பவளத்துக்கு 1972 வனவிலங்கு சட்டத்துல முழு பாதுகாப்பு இருக்கு, ஏர்போர்ட் ஸ்கேன்ல பார்த்து பிடிச்சிடுவாங்க. சட்டம் இருக்கட்டும், அழகான ஒரு சங்க எடுத்து உள்ளங்கைல வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்து பாருங்க, பாதி நேரம் அதுக்குள்ளேருந்து கால் முளைச்சு நடக்க ஆரம்பிக்கும். சந்நியாசி நண்டு, அதுக்கு சொந்தமா ஓடு கிடையாது, காலி சங்கு தான் வீடு, உடம்பு வளர வளர பெரிய சங்கா தேடி குடி மாறும். நாம ஷோகேஸ்ல வைக்கிறதுக்கு அள்ளிட்டு வந்தா அது வெறும் உடம்போட எங்க போகும்.

மணல் ஈ கடிக்கும், சாயங்காலம் கொஞ்சம் ஜாஸ்தி. முழங்காலுக்கு கீழ தேங்காண்ணெய் நல்லா தடவிட்டு துண்டு விரிச்சு உட்கார்ந்தோம், எங்களுக்கு கடி கம்மியா தான் இருந்துச்சு. கடிச்ச இடத்த சொறியவே கூடாது, சொறிஞ்சா ஒரு வாரத்துக்கு ஆறாது.

சூரியன் இறங்கும்போது ஆளாளுக்கு ஃபோன தூக்காம ஒருத்தர் எடுக்கட்டும், ராத்திரி எல்லாருக்கும் அனுப்பட்டும். எங்க கூட்டத்துல அன்னிக்கு பெரிய பையன் எடுத்தான், மொத்தமே ஆறு போட்டோ, அதுல ஒண்ணு நாங்க எல்லாரும் கடல பார்த்து உட்கார்ந்திருக்கிற முதுகு பக்கம், அது தான் இப்ப வீட்டு ஹால்ல இருக்கு. இருட்ட ஆரம்பிச்சதும் விசில் அடிச்சு எல்லாரையும் கிளப்பிடுவாங்க, அடம் பிடிக்காம வந்துடுங்க, நம்ம குப்பைய நாமளே எடுத்துட்டு.

ராத்திரி

அஞ்சரைக்கே இருட்டிட்டதால ஆறரைக்கெல்லாம் நல்ல பசி எடுக்கும். போற வழியிலயே ஹோட்டல்ல சொல்லி வச்சிட்டு ரூமுக்கு போய் குளிச்சிட்டு வாங்க, கூட்டமா போய் அங்க உட்கார்ந்தப்புறம் ஆர்டர் குடுத்தா ஒரு மணி நேரம் ஆகும். மெனுல சுர்மைன்னு இருக்கிறது நம்ம வஞ்சிரம். மீனும் எறாவும் எடை போட்டு விலை சொல்ற இடத்துல எடையையும் விலையையும் முதல்லயே கேட்டுக்கோங்க. பெங்காலி சமையல்காரங்க கடுகு அரைச்சு ஒரு மீன் குழம்பு வைப்பாங்க, மூக்குல ஏறும், சோத்துக்கு அவ்வளவு நல்லா இருக்கும், ஆனா குழந்தைங்களுக்கு வேண்டாம். சிங்கி எறா, நண்டுன்னு பெருசா ஆரம்பிக்கிறத மறுநாளைக்கு வச்சுக்கோங்க, அலைச்சல் பட்ட வயிறு முதல் நாள் தாங்காது. சைவம் சாப்பிடுறவங்களுக்கு சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு எங்கயும் கிடைக்கும், அத்தைகிட்ட ஒரு சின்ன பாட்டில் புளிக்காய்ச்சலும் ஆவக்காயும் இருந்துச்சு, சர்வர் பையன் வந்து என்னன்னு கேட்டு ஒரு ஸ்பூன் வாங்கிட்டு போனான்.

சாப்பிட்டு முடிச்சிட்டு பிளான் பேசாதீங்க, நாளைக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் முடிவு பண்ணுங்க, எலிஃபெண்ட் பீச்சா, காலா பத்தர் பீச்ல சூரிய உதயமா, அதுல ஒண்ணு. வர விருப்பமில்லாதவங்க தூங்கலாம்னு சத்தமா சொல்லிடுங்க, சொன்னா தான் வயசானவங்க நம்மளுக்காக இழுத்துப் பிடிச்சு எழுந்திருக்க மாட்டாங்க.

நிலா இல்லாத ராத்திரியா இருந்தா ரூமுக்கு முன்னாடி இருக்கிற கரைக்கு டார்ச்ச எடுத்துட்டு போங்க, போய் அத அணைச்சிட்டு கண்ணு பழகுற வரைக்கும் நில்லுங்க. கணுக்கால் தண்ணில கையால அளைஞ்சா சில நாள் விரல் போற வழியெல்லாம் நீலமா பொறி பறக்கும், தண்ணில இருக்கிற கண்ணுக்கு தெரியாத உயிருங்க அசைஞ்சா வர்ற வெளிச்சம் அது. எல்லா நாளும் வராது, வந்தா பசங்கள எழுப்பியாவது காட்டுங்க. எங்களுக்கு அன்னிக்கு கொஞ்சமா வந்துச்சு, அத்தை குனிஞ்சு ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளி விட்டுட்டே இருந்தாங்க, ஒரு வார்த்தை பேசல.

ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி வெளி குழாய்ல எல்லாரும் கால கழுவிடுங்க, குழந்தைங்க கால முட்டி வரைக்கும். மெத்தைல ஒரு தடவை மணல் ஏறிடுச்சுன்னா ஊருக்கு திரும்புற வரைக்கும் போகாது.